நாலு பதினேழு

கோஷித்சேயில் பகலில் அளக்க முடியாது.
ஆய்வகத்துச் சுவரை ஒட்டித்தான் டிராம் வளைகிறது.
வண்டிக்கு ஒருமுறை மேசை விக்கும்,
லேசர் புள்ளி மயிரிழை நகர்ந்துவிடும்.
அதனால் கடைசி வண்டி பணிமனையில் அடைந்தபின்,
பதினொன்றே முக்காலுக்கு,
நான் வேலைக்கு வருகிறேன்.

கண்ணாடிச் சில்லின்மேல் கோபால்ட்.
தடிமன் இருபது அணு, கூடினால் இருபத்தொன்று.
விரல் பட்டால் போயிற்று.
அதைச் சுருளுக்குள் வைத்து
வடக்கே திரும்பு என்கிறேன், தெற்கே திரும்பு என்கிறேன்,
நொடிக்கு ஒருமுறை, பிறகு பத்து, பிறகு நூறு.
திரும்புகிறது. சொன்னவுடன் அல்ல.
நான் சொல்வதை நிறுத்திய பிறகும்
சொன்ன பக்கமே பார்த்து நிற்கிறது.
எதிர்ப்பக்கம் இழுத்து, இன்னும் இழுத்து,
போதும் என்று கை ஓயப்போகும்போது
எங்கோ ஒரு மூலை புரள்கிறது,
அடுத்து அதன் பக்கத்து மூலை,
மீதி எல்லாம் சரசரவென்று.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் தயக்கம்.
திரையில் அது ஒரு கண்ணி,
போன வழியே திரும்பாத கோடு.
கண்ணிக்குள் சிக்கிய பரப்பு
அந்தச் சுற்றில் தொலைந்த ஆற்றல்.
வெப்பமாகப் போய்விடுகிறது.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
ஓர் ஈயின் கால்கூடச் சூடாகாது.
அதை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அவசரப்படுத்தினால் கண்ணி வயிறு பருக்கிறது.
வேகமாகக் கேட்கக் கேட்க அதிகம் தயங்கும்,
அதிகம் தின்னும்.
ஓர் எல்லைக்கு மேல் படலம் திரும்புவதையே விட்டுவிடும்.
நின்ற இடத்தில் லேசாக நடுங்கும், அவ்வளவுதான்.
அப்போது கண்ணி சுருங்கி
ஒரு கீறலாகிவிடுகிறது.
முதன்முறை பார்த்தபோது
கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

இம்ரிக் அதிகாலை முதல் டிராமை ஓட்டுகிறான்.
மதியம் ஒன்றிலிருந்து மாலை ஏழு வரை
எங்கள் வீட்டில் இருவரும் விழித்திருப்போம்.
செப்டம்பரில் அந்த ஆறு மணி நேரமும்
பிர்னோ, பிர்னோ என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.
அங்கே பகல் வேலை, நிலத்தடி ஆய்வகம்,
ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம் கிடையாது.
அவன் முட்டைக்கோஸ் நறுக்குவான்.
பதில் சொல்ல மாட்டான்.
அக்டோபரில் நாளுக்கு மூன்று முறை கேட்டேன்.
பிறகு கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடியே
"சரி, போகலாம்" என்றான்.
அந்த வேலை வேறொருத்திக்குப் போய்
ஆறு வாரம் ஆகியிருந்தது.
சொன்னேன்.
ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே
வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

படலத்தோடு மனிதரைச் சேர்த்துப் பேசினால்
ஓஸ்தாப் முகம் சுளிப்பான்.
கார்கீவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவன், கறாரானவன்.
"கோபால்ட் யோசிப்பதில்லை" என்பான்.
உண்மைதான். இம்ரிக் யோசித்தான்,
ஐந்து மாதம், வளைவுக்கு வளைவு,
மணியடித்து, கதவு திறந்து, கதவு மூடி.

அன்றிரவு மிக மெதுவான அளவீடு,
சுற்றுக்கு மூன்று நிமிடம்.
நேரம் பார்க்க மறந்து ஓடவிட்டுவிட்டேன்.
மேசை விக்கியது.
திரும்பும் கோட்டில், பாதிவழியில், ஒரு சின்னப் பல்.
காலையில் ஓஸ்தாப் அதைத் தொட்டுக்காட்டி
"இது படலமா, இரைச்சலா?" என்றான்.
இரைச்சல், நீக்கிவிடு என்றேன்.
நீக்கினான். கோடு வழவழப்பானது.

குறிப்பேட்டில் மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
முதல் டிராம்.
நாலு பதினேழுக்கு வர வேண்டியது,
நாலு பத்தொன்பதுக்கு வந்தது.
பனி பெய்யவில்லை.